அப்பத்தாவின் நோட்டும் வரப்புக் கீழாநெல்லியும்

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 31, பி.காம் முடித்துவிட்டு உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய அப்பத்தா நாற்பது வருடத்துக்கு மேல் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர், அதற்குக் கைநீட்டிக் காசு வாங்காதவர், போன தை மாதம் காலமாகிவிட்டார். அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதி வைத்த நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்னமும் வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். "மூன்று நாள் மூலிகைப் பயிற்சி, முடிவில் வைத்தியர் சான்றிதழ், கட்டணம் 12,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? அப்பத்தா விட்ட இடத்திலிருந்து நான் தொடரலாமா? பாம்புக்கடிக்குப் பெருமருந்துக்கொடி வேர் என்று நோட்டில் இருக்கிறது, அதை வீட்டில் வளர்க்கலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிறார், கூடவே சிறுகுறிஞ்சான் பொடியும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன், சரிதானா?" என்று கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் அவசரம். அம்மாவுக்குக் கொடுக்கும் பொடியை இன்றைக்கே நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிறுகுறிஞ்சான் வேலை செய்யாது என்பதற்காகச் சொல்லவில்லை, வேலை செய்யும் என்பதால்தான் சொல்கிறேன். ஒரு பச்சை இலையைப் பறித்து நன்றாக மென்று துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, நாக்கில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். ஆற்று மணலை வாயில் போட்ட மாதிரி நறநறவென்று இருக்கும், இனிப்பு துளியும் தெரியாது, அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கும். இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை மறைத்துக்கொள்வதால் வருவது இது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்த இலை ரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது, மாத்திரையும் குறைக்கிறது, இரண்டும் சேர்ந்து விடியற்காலையில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டு விழுந்துவிட்டால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து, அவருக்கு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் "இத்தனை நாள் இந்தப் பொடி கொடுத்தேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. பொடி தேவைதான் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவர் அளவு சொல்லி, மாத்திரை எழுதிய மருத்துவருக்கும் தெரிந்து கொடுக்கட்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். அந்த 12,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மூன்று நாளில் செடிகளை அறிமுகப்படுத்தலாம், அதில் தப்பில்லை, நல்ல பட்டறைகளும் நடக்கின்றன. ஆனால் வைத்தியர் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள் பாருங்கள், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஒருவருக்கும் மருந்து கொடுக்க முடியாது. சித்த மருத்துவம் பார்க்க பி.எஸ்.எம்.எஸ். படித்திருக்க வேண்டும், பயிற்சி மருத்துவராக இருக்கும் ஒரு வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு, அப்புறம் மருத்துவக் கவுன்சிலில் பதிவு. பரம்பரை வைத்தியம் என்றாலும் உரிய தகுதியும் பதிவும் இல்லாமல் பார்க்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நானும் அங்கே படித்தவன்தான். நீட் எழுத இப்போது மேல் வயது வரம்பு இல்லை, ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும், நீங்கள் வணிகவியல் பிரிவு. குடும்பத்தையும் வைத்துக்கொண்டு மறுபடி அதையெல்லாம் எழுதி வருவது உங்களால் முடியுமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மருத்துவராக முடியாது என்பதற்காக மூலிகையைப் படிக்க முடியாது என்று ஆகிவிடாது. இது எனக்கு மிக முக்கியமான விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பத்தாவது படிக்காத ஒரு பெரியவர் அழகர்மலை அடிவாரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது, காய்ந்த குச்சியை ஒடித்து மோந்து பார்த்தே செடியின் பெயரைச் சொன்னார். அந்த அறிவை நான் கல்லூரியில் கற்கவில்லை, அவரிடம்தான் கற்றேன். உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: எந்தச் செடி எந்த நோய்க்கு என்ற பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள், செடியைப் பார்க்கப் படியுங்கள்.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம், அப்பத்தாவின் செடி. பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து வரப்பு ஈரமாக இருக்கும் நாளில் போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். முழங்கால் உயரம்கூட வராத செடி, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன இலைகள் அடுக்கியிருக்கும், பார்த்தால் புளிய இலை மாதிரி இருக்கும். அந்தக் கிளையைத் திருப்பிப் பிடித்தால் அடியில் ஒவ்வோர் இலைக்கும் நேராகக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டை ஒன்று தொங்கும். கீழே நெல்லி, அதனால் கீழாநெல்லி. இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அந்த உருண்டைக்குச் சின்னக் காம்பு இருக்கிறதா, மேல்புறம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நாம் தேடுவது, தாவரவியலில் பில்லாந்தஸ் அமாரஸ். காம்பு இல்லாமல் கிளையோடு ஒட்டி, மேலே சொரசொரப்பாக, தண்டு சிவப்பு ஓடி இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, பில்லாந்தஸ் யூரினேரியா, அதே வரப்பில்தான் முளைக்கும். மேலாநெல்லி என்று இன்னொன்று இருக்கிறது, அதன் இலை நுனியில் அகன்று காம்புப் பக்கம் குறுகி ஆப்பு மாதிரி இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கடையில் காய்ந்த கீழாநெல்லி இரண்டு கிலோ வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். இரண்டு நாள் அரைத்துக் கொடுத்த பிறகுதான் ஏதோ சரியில்லையே என்று தோன்றி, ஒரு பிடி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்துப் பார்த்தேன். சுருண்டு கிடந்த இலைகள் மெல்ல விரிந்தன. கீழாநெல்லி பாதிக்கும் குறைவு, மீதி சிவப்பும், எனக்கே பெயர் தெரியாத ஒரு களையும். அந்த இரண்டு நாளில் வாங்கிப் போனவர்கள் முகம் எனக்கு இப்போதும் நினைவில் வரும். அன்றிலிருந்து ஊறப்போட்டு விரித்துப் பார்க்காமல் எந்தக் காய்ந்த சரக்கையும் நான் இடிப்பதில்லை. நீங்களும் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பொடியாக வாங்காதீர்கள், முழுச் செடியாக, வேராக, பட்டையாக வாங்குங்கள். பொடியை எந்தக் கண்ணாலும் அடையாளம் காண முடியாது.

பெயரை நம்புவதில் இருக்கும் ஆபத்துக்கு இன்னொன்று. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நாற்றுப் பண்ணைகளில் தொட்டி தொட்டியாக விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த படர்செடி. இலையில் மூன்று மடல் பிரிந்திருக்கும், பூ பெரிதாகப் பளிச்சென்று இருக்கும், சாலை நடுவிலும் பூங்காவிலும் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அப்படி மூன்று மடல் கிடையாது. இரண்டும் ஒரே பேரினத்து உறவுக்காரச் செடிகள்தான், மருந்தில் ஒன்றல்ல. ஒரு வீட்டில் குழந்தைக்குக் கீரையாகவே கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பெருமருந்துக்கொடி. வளர்க்க ஆசைப்பட்டால் வளருங்கள், அதில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் வரும், அழகாக இருக்கும். யாருக்கும் கொடுக்காதீர்கள். பாம்பு கடித்தவரை ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காமல், கடிபட்ட காலை அசைக்க விடாமல், கட்டுப் போடாமல், கீறாமல், மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டு போக வேண்டும். விஷமுறிவு ஊசி தவிர வேறு மருந்து கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பையும் பச்சிலையையும் அறிந்த இருளர் மக்களே மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி அந்த ஊசி தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள்.

அந்தக் கொடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருமங்கலம் பக்கம் கரிசல் புஞ்சைகளில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையைப் பார்த்திருப்பீர்கள், இலை இதய வடிவில் சாம்பல் பூத்திருக்கும், ஆடு வாய் வைக்காது. அதுவும் பெருமருந்துக்கொடியும் ஒரே பேரினம், அரிஸ்டோலோக்கியா. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அரித்து, சத்தமில்லாமல் செயலிழக்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. காரணம் என்ன தெரியுமா, சீன மருந்தில் பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு வேர்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது போய்ச் சேர்ந்துவிட்டது. என்னிடமே ஒரு பெரியவர் வந்தார், தோல் அரிப்புக்கு எட்டு மாதம் தினமும் ஆடுதின்னாப்பாளைப் பொடி, காலையில் ஒரு கரண்டி. ரத்தம் பார்த்தால், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் அளவு நான்கைத் தாண்டியிருந்தது. சிறுநீரக மருத்துவர் அந்தப் பொடியைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார். பழைய ஏட்டில் அந்தச் செடிக்குப் வயிற்றுப் புழுவுக்கும் கரப்பான் என்ற தோல் நோய்க்கும் பயன் சொல்லியிருக்கிறார்கள், நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் மெதுவாக வருஷக்கணக்கில் வரும் கேட்டைக் கண்டுபிடிக்க அன்றைக்கு ரத்தப் பரிசோதனை இல்லை, இன்றைக்கு இருக்கிறது, தெரிந்த பிறகும் உள்ளுக்குக் கொடுக்க என் மனசு ஒப்பவில்லை.

அப்பத்தாவைப் பற்றி எழுத வேண்டும், தம்பி, வருத்தப்படாமல் படியுங்கள். அவர் கொடுத்த மருந்தில் ஆட்கள் குணமானது பொய்யில்லை. நம் ஊர்களில் மஞ்சள் காமாலைக்குப் பெரிய காரணம் அசுத்தத் தண்ணீரால் வரும் கல்லீரல் அழற்சி, ஹெபடைடிஸ் ஏ மாதிரியானவை. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடியும், எண்ணெயையும் சாராயத்தையும் விட்டு, ஓய்வெடுத்து, காலையில் மோரில் மருந்து குடித்தவர் தேறிவிடுவார். அப்பத்தா சொன்ன பத்தியமே பாதி மருத்துவம். ஆனால் கண் மஞ்சளாவதற்கு அது ஒன்றுதான் காரணமா? பித்தப்பைக் கல் போய்க் குழாயை அடைத்தாலும் மஞ்சள்தான், எலிக்காய்ச்சலும் மஞ்சள்தான், எலி பேஸ்ட் சாப்பிட்டு வெளியே சொல்லாமல் இருக்கும் பிள்ளைக்கும் மூன்றாம் நாள் மஞ்சள்தான். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் ஒரு வாரத்தில் உயிரே போகலாம். வாசலில் நிற்கும்போது எல்லார் கண்ணும் ஒரே மஞ்சளாகத்தான் தெரியும். நாற்பது வருடம் பார்த்த அப்பத்தாவுக்கு யாரை அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு கண் இருந்திருக்கும், அந்தக் கண்ணை நோட்டில் எழுத முடியாது.

கீழாநெல்லியின் கதையே இன்னும் முடியவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கோடு சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடி இனம் வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று கேள்விகள் எழுந்தன. நான் வரப்பில் உட்கார்ந்து காம்பைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

இனி என்ன செய்யலாம். பத்துச் செடி, ஒரு வருடம், அவ்வளவுதான். துளசி, நொச்சி, தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி, முடக்கறுத்தான், பிரண்டை, குப்பைமேனி, வல்லாரை, கீழாநெல்லி என்று உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து எட்டும் தூரத்தில் இருப்பவையே போதும். முளைக்கும்போது, பூக்கும்போது, காய்க்கும்போது, காயும்போது என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுதுங்கள். பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து மேலே செங்கல் ஏற்றி, ஒரு வாரம் தினமும் தாளை மாற்றிக் காயவைத்தால் பல வருடம் இருக்கும். சந்தேகம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போங்கள், ஆர்வத்தோடு வருபவரை அவர்கள் விரட்ட மாட்டார்கள். தாவரவியல் பெயரைக் கேட்டுத் தமிழிலாவது எழுதிக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் இந்தப் பாடத்துக்குக் குணபாடம் என்று பெயர், சுவையில்தான் தொடங்குகிறது. இந்தப் பத்தை மட்டும் துளி நாக்கில் வைத்து, கைப்பா துவர்ப்பா கார்ப்பா என்று நீங்களே எழுதுங்கள். பிரண்டையை மட்டும் பச்சையாக வாயில் வைத்துவிடாதீர்கள், நாக்கு அரித்துவிடும், எண்ணெயில் வதக்கிய பிறகுதான்.

ஒவ்வொரு செடிக்கும் "யாருக்கு ஆகாது" என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆடாதொடை சளிக்கு அருமையான இலை, அதிலுள்ள வேதிப்பொருளை வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள், ஆனால் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் இருப்பதால் கர்ப்பிணிக்குக் கூடாது. அதிமதுரம் தொண்டைக்கு இதம், ரத்தக் கொதிப்பு உள்ளவர் தொடர்ந்து சாப்பிட்டால் கொதிப்பை ஏற்றிவிடும். பக்குவத்துக்கும் ஆயுள் உண்டு. சாறும், குடிநீர் என்று சொல்லும் கசாயமும், கற்கம் என்ற அரைத்த விழுதும் ஒரு சாமம்தான், அதாவது மூன்று மணி நேரம், சூரணம் என்ற பொடி மூன்று மாதம் என்று நம் நூல்களில் கணக்கிருக்கிறது, கசாயத்தைப் பாட்டிலில் ஊற்றி நான்கு நாள் பிரிட்ஜில் வைத்துக் குடிப்பது எந்த நூலிலும் இல்லை.

காட்டுக்குள் போய்ப் பறிக்க வேண்டாம். சதுரகிரி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, அங்கே ஒரு வேரைத் தோண்டினாலும் குற்றம். உங்களுக்குப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, அங்கே போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், கை வைக்காதீர்கள். அப்பத்தா மஞ்சள் நூல் கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் பறிப்பார் என்று எழுதியிருந்தீர்கள், அப்படிப் பறித்தவர் தனக்கு வேண்டியதற்கு மேல் ஓர் இலை எடுத்திருக்க மாட்டார்.

நோட்டை இந்த வாரமே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், தாள் ஈரத்தில் ஊறிப் போய்விடும். அப்புறம் அப்பத்தாவோடு செடி பறிக்கப் போன அவர் வயதுப் பெண்கள் ஊரில் இருப்பார்கள், அவர்களிடம் நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் சொல்லி, "இது எது, காட்டுங்க" என்று கூட நடந்து கேளுங்கள். உங்கள் ஊரில் ஒரு பெயர், பத்துக் கல் தள்ளி வேறு பெயர். சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று எழுதியிருக்கும், அதை அவர்கள் கையாலேயே உருட்டச் சொல்லித் தராசில் நிறுத்து கிராமில் எழுதுங்கள். வராகன் எடை என்று இருந்தால் 4.2 கிராம், பலம் என்றால் 35 கிராம். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், தம்பி. என் ஊரில் நான் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, மூன்று பாட்டிகளை இழந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்பவரிடம் "அப்பத்தா இல்லைங்க, எனக்குக் கொடுக்கத் தெரியாது" என்று கதவைச் சாத்தவும் வேண்டாம், அரைத்துக் கொடுக்கவும் வேண்டாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, வயிறு வலிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, வந்தவர் கர்ப்பிணியா என்று கேளுங்கள், இதில் ஒன்று இருந்தாலும் கூடவே போய் மேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். மற்றவர்களையும் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி அனுப்புங்கள், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவும் இருக்கிறது, கீழாநெல்லி கேட்டு வந்தவருக்கு அங்கே முறையாகக் கிடைக்கும்.

மழை விழுந்து வரப்பில் கீழாநெல்லி எழும்பியதும், காயோடு ஒரு செடியைத் தாளில் அழுத்திக் காயவைத்து எனக்கு அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம். மூன்றில் எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் என்று மட்டும் பின்னால் எழுதுங்கள்.